மூடியக்கா பார்த்து வைத்த இடங்கள்

ஓட்டலுக்குள் நுழைந்ததும் எல்லாரும் பக்கத்து மேசைத் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். மூடியக்கா தரையைப் பார்த்தாள். டைல்ஸா, விரிப்பா? பிறகு ஜன்னலில் கனமான திரை உண்டா என்று. கூரை எவ்வளவு உயரம் என்று. கடைசியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் போட்டுப் பார்த்தாள்.

எதிரில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் கையிலிருந்த மெனு அட்டையை இறக்கினான்.

"சாப்பிட வந்தியா, வீடு வாங்க வந்தியா?"

"சும்மா இருங்க. அஞ்சு பேர் வந்து உக்காரப்போற இடம். பார்க்க வேண்டாமா?"

"பாரு, பாரு. சுவத்தையும் தட்டிப் பாரு. அஸ்திவாரம் எப்படின்னு கேட்டுட்டு வரட்டுமா?"

அவன் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க மற்றவர்கள் கட்டடங்களில் ஏறி இறங்குகிறவன், சனிக்கிழமையும் இப்படி நகரத்துக்கு வந்து மாடி மாடியாக ஏற வேண்டியிருக்கிறதே என்ற அலுப்பு அவனுக்கு. காலையிலிருந்து இது நாலாவது இடம். முதலாவதில் தரை மொழுமொழுவென்று கல். ஒரு கரண்டி விழுந்தால் கோயில் மணி மாதிரி அடித்தது. வேண்டாம். இரண்டாவதில் சமையலறை திறந்தே இருந்தது. வேண்டாம். மூன்றாவதில் எல்லாம் சரி, ஆனால் கூரையில் ஒரு ஸ்பீக்கர். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "இதுல பாட்டு போடுவீங்களா?" என்று கேட்டாள். அவர் உற்சாகமாக, "வார நாள்ல மெதுவா, சனி ஞாயிறு ஃபுல்லா" என்றார். எழுந்துவிட்டாள். வாங்கிய காபியைப் பாதியில் விட்டுவிட்டு அவனும் எழ வேண்டியதாயிற்று.

இந்த நாலாவது இடம் தேறியது. தரையில் தடித்த விரிப்பு, மேசைமேல் துணி, சுவரெல்லாம் மெத்தை வைத்துத் தைத்த மாதிரி. பரிமாறுகிறவர் வந்து ஏதோ சொன்னார். பாதிக்கு மேலேயே பிடிபட்டது. மூலையில் ஒரு வட்ட மேசை. அங்கே சுவரை இடப்பக்கம் வைத்து உட்கார்ந்தால் போதும்.

மூடியக்காவின் இடது காது ஏறக்குறைய போய்விட்டது. வலது, மனசு வைத்தால் கேட்கும். இது யாருக்கும் தெரியாது.

பழச்சாறு பாட்டிலில் அடைக்கும் தொழிற்சாலையில் அவளுக்கு இருபத்தாறு வருஷ வேலை. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, நிற்கிற இடம்தான் பெயர். மூடி இறுக்கும் எந்திரத்தில் நிற்பதால் இவள் மூடியக்கா. சாறு ஊற்றும் எந்திரத்தில் நிற்பவள் லிட்டர். லேபிள் ஒட்டுமிடத்தில் லேபிள். கடைசியில் பாட்டில்களை அடுக்குகிற மூத்தவள் பெட்டியக்கா. போன வருஷம் வந்த பெண்ணுக்கு இன்னும் நிலையான இடம் அமையவில்லை, அவள் சின்னவள்.

கண்ணாடி பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஊர்வலம் போகிற அந்தக் கூடத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் அங்கே யாரும் வாயால் சத்தம் போட்டுப் பேசுவதில்லை. உதட்டைப் பெரிதாக அசைப்பார்கள், மீதியைக் கை சொல்லும். தோளைத் தட்டினால் சூப்பர்வைசர் வருகிறார். மூக்கின் கீழ் விரலை முறுக்கினால் புருஷன். யாராவது அளந்தால், காற்றில் ஒரு மூடியைத் திருகிக் காட்டுவார்கள்: மூடு. கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, நடுவில் நாலு எந்திரங்களைத் தாண்டி, ஒரு குடும்பச் சண்டையை ஆதியோடந்தமாகச் சொல்லி முடிக்க முடியும். ரகசியமென்றால் மட்டும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நிற்பார்கள்.

ஆக, வேலை நேரத்தில் மூடியக்காவுக்கு ஒரு குறையும் இல்லை. எந்திரம் நின்ற பிறகுதான் வம்பு. கேன்டீனில் ஐந்து பேரும் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தால் அவளுக்குத் தண்ணீருக்கடியில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பாள், உச்சுக் கொட்டினால் உச்சுக் கொட்டுவாள். ஒரு தடவை கணக்குத் தப்பிவிட்டது. லிட்டர் ஏதோ சொல்லி முடிக்க, இவள் முந்திக்கொண்டு சிரித்தாள். சொன்னது என்னவென்றால், லிட்டரின் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த விஷயம். நல்லவேளையாகப் பெட்டியக்காவும் சேர்ந்து சிரித்துவிட்டாள். லிட்டர் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். "வேற ஏதோ நெனப்புல சிரிச்சுட்டேன்" என்று மூடியக்கா சமாளித்தாள். 

சொல்லிவிடலாம்தான். ஆனால் முன்பு பாட்டில் கழுவுமிடத்தில் இருந்த ஒருத்திக்குக் காது மந்தம் என்று தெரியவந்ததும் சூப்பர்வைசர், "உன் நல்லதுக்குத்தாம்மா" என்று அவளை ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார். நாளெல்லாம் அட்டைப் பெட்டிகளோடு தனியாக உட்கார்ந்திருக்கிறாள். சம்பளம் அதேதான். ஆனால் முகம் பார்த்துப் பேச ஒரு ஆள் இல்லை. சாப்பாட்டு நேரமும் வேறு. முதல் மாதம் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவளும் கதவைச் சாத்திக்கொண்டாள், இவர்களும் மறந்துபோனார்கள்.

இந்த நேரத்தில்தான் லேபிளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. நாற்பத்தொன்பது வயதில், இரண்டாவது தடவை. மாப்பிள்ளைக்கு நூலகத்தில் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து பேரும் நகரத்துக்குப் போய் ஒரு பகல், ஒரு சாயங்காலம் கொண்டாடி, ராத்திரி ரூம் எடுத்துத் தங்கி வருவது என்று முடிவாயிற்று. எங்கே சாப்பிடுவது, எங்கே குடிப்பது என்று வாட்ஸப்பில் குரல் செய்திகளாகக் கொட்டின. மூடியக்கா குளியலறைக்குள் போய் போனை வலது காதில் அழுத்திக்கொண்டு ஒவ்வொன்றையும் மூன்று தடவை கேட்டாள். சின்னவள் சொன்ன இடங்களெல்லாம் டிரம்ஸ் அடிக்கிற இடங்கள். அப்படி ஓரிடத்தில் நாள் முழுக்கப் பொம்மை மாதிரி தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கட்டாயம் கண்டுபிடித்துவிடுவார்கள். உடனே, "இடம் பார்க்கற பொறுப்பு என்னோடது. ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று செய்தி போட்டாள்.

மதியத்துக்கு இந்த மெத்தைச் சுவர் ஓட்டல். சாயங்காலத்துக்கு எட்டாவது மாடியில் ஒரு பார், அதிலும் விரிப்பும் திரையும் உண்டு. இடம் பார்க்க வந்த அன்று அங்கே போக லிஃப்டில் ஏறியபோது கணவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

"கேபிள் லேசா உராயுது. கேக்குதா?"

"ம், கேக்குது."

"பரவாயில்லையே!" என்றான். மனைவிக்கு அவன் தொழிலில் ஒரு ஈடுபாடு வந்துவிட்டதில் அவனுக்கு அப்படியொரு சந்தோஷம். வீட்டில் என்றால், "நான் சொன்னா எது உன் காதுல விழுது" என்பது அவனுடைய அன்றாடப் பல்லவி. பெண்டாட்டிகளைப் பற்றி எல்லாப் புருஷன்களும் சொல்வதுதான் என்பதால் அவள் அதை அப்படியே விட்டிருந்தாள்.

போகிற நாள் வந்தது. ஐவரும் பளபளவென்று உடுத்திக்கொண்டு ரயிலில் போய் இறங்கினார்கள். லேபிளின் புதுச் செருப்பு காலைக் கடித்துக்கொண்டிருந்தது. மூடியக்கா வட்ட மேசையில் முதல் ஆளாகப் போய், சுவரை இடப்பக்கம் வைத்து உட்கார்ந்தாள். எல்லாம் திட்டப்படி.

"அடேங்கப்பா, என்னடி இது, மந்திரி வீட்டு ஹால் மாதிரி இருக்கு!" என்றாள் பெட்டியக்கா.

அந்த வாக்கியம் கூடத்தின் அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. நாலு மேசைகளில் தலைகள் திரும்பின.

"மெதுவா பேசு அக்கா!" என்றாள் லிட்டர், அதைவிடச் சத்தமாக.

இன்னும் இரண்டு மேசைகள் திரும்பின. சின்னவள் ஒருத்திதான் மேசைத்துணியை வெறித்துப் பார்த்துக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தாள். சூப் வருவதற்குள் பரிமாறுகிறவர் பக்கத்தில் வந்து குனிந்து, பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் கொஞ்சம் சிரமப்படுகிறார் என்றார். அதற்குப் பிறகுதான் வினை. ஐந்து பேரும் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய பிள்ளைகள் மாதிரி குசுகுசுக்க ஆரம்பித்தார்கள். கல்யாணப் பெண்ணைக் கேலி செய்கிற பேச்செல்லாம் அந்தப் பெரியவர் காதில் விழக்கூடிய பேச்சா? மெனு அட்டையைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டார்கள். மறைவில் என்னவோ ஓடியது. தோள்கள் குலுங்கின. லிட்டருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மூடியக்காவுக்கு உதடும் போயிற்று, காதும் போயிற்று. ஒன்றும் புரியவில்லை. தோள்கள் குலுங்கும்போது தன் தோளையும் குலுக்கினாள். தான் தேடித் தேடிக் கண்டுபிடித்த இடத்தில், தனக்கென்று பார்த்து வைத்த நாற்காலியில், மீனின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் அடுக்கினாள். மேசையிலேயே சுத்தமாகச் சாப்பிட்டவள் அவள்தான்.

லேபிள் அட்டையை இறக்கிவிட்டு அவளைப் பார்த்து, உதட்டை அதிகம் அசைக்காமல் ஏதோ கேட்டாள். மூடியக்கா சிரித்தபடி தலையாட்டினாள். லேபிளின் முகம் சட்டென்று மாறியது. என்ன கேட்டாள் என்று தெரியவில்லை. தலையாட்டியது தப்பு என்று மட்டும் தெரிந்தது.

சாயங்காலம் எட்டாவது மாடி. அங்கே இன்னும் மோசம். ஒரு மூலையில் ஒரு ஜோடி கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தது. மங்கலான விளக்கு. சின்னவள் தும்மினாள், பார் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. லேபிள் உட்காரக்கூட இல்லை.

"எந்திரிங்கடி. இதுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்திருக்கலாம், காத்தாவது வரும்."

"நல்ல இடம்டி, பார்த்து பார்த்து..." என்று மூடியக்கா ஆரம்பித்தாள்.

"நீ பார்த்ததெல்லாம் போதும்."

கீழே இறங்கி, பஸ் டெப்போவை ஒட்டிய சந்தில் சின்னவள் முன்னால் போக, எல்லாரும் பின்னால் போனார்கள். சந்தின் நடுவிலேயே தரை அதிர்வது காலில் தெரிந்தது. படிகள் கீழே இறங்கின. உள்ளேயிருந்து டிரம்ஸ் இடி மாதிரி வந்தது. மூடியக்கா நின்றாள்.

"எனக்குத் தலை வலிக்குது. நான் ரூமுக்குப் போறேன்."

லேபிள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். தெருவிளக்கு நேராக அவள் முகத்தில் விழுந்ததால் சொன்னது ஒவ்வொரு எழுத்தாகப் புரிந்தது. "தலையை இங்க வெச்சுட்டு மீதியோட வா."

உள்ளே எள் போட இடமில்லை. ஒரு நீளமேசையின் இரண்டு கோடிகளிலும் நடுவிலுமாகப் பிரிந்துதான் உட்கார முடிந்தது. பக்கத்து மேசைகளில் ஆட்கள் ஒருவர் காதுக்குள் ஒருவர் வாயை வைத்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். மூடியக்கா கைப்பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

மேசையின் அந்தக் கோடியிலிருந்து லிட்டர் கையை உயர்த்தினாள். உதடு பெரிதாக அசைந்தது: "பாத்ரூம் எங்க?"

"கவுன்ட்டருக்குப் பின்னாடி," என்றது பெட்டியக்காவின் உதடு. "தாழ்ப்பாள் இல்லையாம். பாடிக்கிட்டே உக்காரு."

"இந்தச் சத்தத்துல என் பாட்டு யாருக்குக் கேக்கும்?"

"அப்ப சின்னவளைக் காவலுக்குக் கூட்டிட்டுப் போ."

அவ்வளவுதான். யாரும் தீர்மானித்துச் செய்யவில்லை. சத்தம் வந்ததும் கை தானாக எழுந்துவிட்டது. கவுன்ட்டரில் நின்ற சின்னவள் இருபது தலைகளுக்கு மேலாக விரலைக் காட்டி, "பீர் எத்தனை, ஜூஸ் எத்தனை?" என்று கேட்க, இங்கிருந்தே பதில் போனது. "ஜூஸா? அதை திங்கக்கிழமை வேலையில பார்த்துக்கலாம்" என்றாள் பெட்டியக்கா. மதியம் மெனு அட்டைக்குப் பின்னால் ஓடிய பேச்செல்லாம் இப்போது மறைப்பில்லாமல் வெட்டவெளியில் வந்தது. லேபிள் மூக்கின் கீழ் விரலை முறுக்கி, பிறகு புத்தகம் புரட்டுகிற மாதிரி காட்டி, பிறகு தூங்குகிற மாதிரி தலையைச் சாய்த்தாள். "முதல் ராத்திரியா?" என்றாள் லிட்டர். "முழுப் புத்தகமும் படிச்சுக் காட்டுவாராடி?" மூடியக்கா குடித்தது மூக்கில் ஏறும்வரை சிரித்தாள். யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. அவளுக்கே சிரிப்பு வந்து சிரித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து லேபிள் எதிர் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தாள். சிரிப்பு போயிருந்தது.

"ஒண்ணு கேக்கறேன். மதியம் கேட்டேனே, அதுக்குத் தலையாட்டினியே. நிஜமாவே அப்படித்தான் நெனக்கறியா?"

"மதியம் என்ன கேட்டே?"

"என்ன கேட்டேனா? இந்த வயசுல எனக்குக் கல்யாணம்னா உனக்கு வெக்கமா இருக்கான்னு கேட்டேன். அதான் நாலு பேர் கண்ணுல படாத இடமா பார்த்து உக்கார வெக்கறியான்னு. நீ பல்லைக் காட்டிக்கிட்டு ஆமான்னே."

மூடியக்காவுக்குக் குடித்தது இறங்கிவிட்டது. இருபது வருஷமாகப் பக்கத்து எந்திரத்தில் நிற்கிறவள் கேட்கிறாள். தலைவலி என்றும் வேறு நினைப்பு என்றும் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

"எனக்குக் காது கேக்கலடி."

"இங்க யாருக்குத்தான் கேக்குது?"

"இங்க மட்டும் இல்ல. கேன்டீன்ல, வீட்டுல, எங்கயும். இடது சுத்தமா இல்ல. நீ மதியம் கேட்டது எதுவும் எனக்குக் கேக்கல. உங்க பேச்சு காதுல விழணும்னுதான் சத்தமில்லாத இடமா தேடினேன்."

வாயை மறைத்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். பழக்கதோஷம், முகத்தை நிமிர்த்தி, உதட்டைப் பெரிதாக அசைத்துச் சொல்லிவிட்டாள். மேசை முழுக்கப் படித்துவிட்டது. மேசையிலிருந்த கைகளெல்லாம் அப்படியே நின்றன. ஸ்டோர் ரூமின் அட்டைப்பெட்டி வாசனை மூடியக்காவின் மூக்கில் அடித்தது.

முதலில் அசைந்தவள் பெட்டியக்கா. வலது காதைத் தொட்டுக் காட்டி, காற்றில் ஒரு மூடியைத் திருகினாள்.

"எனக்கு இது. மூணு வருஷமாச்சு."

"அப்ப என் மாமனார் விழுந்தப்ப நீ சிரிச்சியே?" என்றாள் லிட்டர்.

"மூடி சிரிச்சா. சரி, ஏதோ ஜோக்குன்னு நானும் சிரிச்சேன்."

"நான் உன்னைப் பார்த்துத்தான் அது ஜோக்குன்னு தைரியமா இருந்தேன்!" என்றாள் மூடியக்கா.

லிட்டர் இரண்டு பேரையும் முறைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "எனக்கு போன் மணி கேக்கறதில்ல. மத்ததெல்லாம் கேக்கும்" என்றாள். யாரும் நம்பவில்லை என்று தெரிந்ததும், "பாதி கேக்கும்" என்றாள்.

எல்லாரும் லேபிளைப் பார்த்தார்கள். கல்யாணப் பெண் கண்ணாடி டம்ளரைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"அவர் ரொம்ப மெதுவா பேசுவார். நூலகத்துல பழக்கம். அன்னிக்குக் காபிக் கடையில என்னமோ கேட்டார். ரெண்டு தடவை 'என்ன'ன்னு கேட்டாச்சு. மூணாவது தடவை கேக்க அசிங்கமா இருந்துச்சு. தலையாட்டிட்டேன். மோதிரத்தை எடுத்தப்பதான் என்ன கேட்டார்னு தெரிஞ்சுது."

பெட்டியக்கா மேசையில் ஓங்கி அடித்தாள். அந்தச் சத்தத்தை யாரும் கேட்கவில்லை. டம்ளர்கள் மட்டும் துள்ளின.

"ஏய், அப்ப வேண்டாம்னா இப்பவே சொல்லிடு!"

"வேண்டாம்னு யார் சொன்னா? கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கொஞ்சம் பிகு பண்ணியிருப்பேன், அவ்வளவுதான்."

அடுத்த சுற்று பீர் டம்ளர்களைத் தூக்கிக்கொண்டு வந்த சின்னவள் இதையெல்லாம் பாதியிலிருந்து படித்துக்கொண்டே வந்திருந்தாள். டம்ளர்களை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"அப்போ ஒரு வருஷமா நான் கேன்டீன்ல சொன்ன கதையெல்லாம் யாருக்குச் சொன்னேன்?"

"நல்லா சொல்லுவே," என்றாள் பெட்டியக்கா. "கையை அழகா ஆட்டுவே."

ஸ்டோர் ரூமைப் பற்றி மூடியக்கா கேட்டபோது பெட்டியக்கா ஒரு கணம்தான் யோசித்தாள். "ஒருத்தின்னா சூப்பர்வைசர் அனுப்புவார். நாலு பேரையும் அனுப்பிட்டு, சின்னவளை வெச்சு மூடி போட்டு, லேபிள் ஒட்டி, பெட்டியும் கட்டுவாரா? திங்கக்கிழமை ஒண்ணா போய்ச் சொல்லுவோம். அந்த ஸ்டோர்காரியையும் கூட்டிட்டு." அது அவ்வளவு சுலபமாக நடக்காது என்று மூடியக்காவுக்குத் தெரியும். ஆனாலும் மடியிலிருந்த கைப்பையை எடுத்து நாற்காலியில் மாட்டினாள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கென்று அவள் பார்த்து வைத்திருந்த இன்னொரு சத்தமில்லாத ஓட்டலுக்கு யாரும் போகவில்லை. ரயில் நிலையத்துக்குள்ளேயே, தண்டவாளத்தை ஒட்டிய கடையில் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்கள். வண்டி வந்து போகும்போதெல்லாம் பேச்சு களைகட்டியது.

மதியம் வீடு வந்து சேர்ந்தபோது கணவன் சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் தலை அசைவதிலிருந்து ஏதோ கேட்கிறான் என்று தெரிந்தது. பிறகு தோளைக் குலுக்கினான். அந்தத் தோள் என்ன பல்லவி பாடுகிறதென்று அவளுக்குத் தெரியும்.

"ஏங்க. திரும்பி நின்னு பேசுங்க."

திரும்பினான். கையிலிருந்து நுரை வடிந்தது.

"எனக்கு இடது காது கேக்கறதில்ல. வலதும் பாதிதான். ரொம்ப நாளா."

அவன் குழாயை மூடினான்.

"அப்ப அந்த லிஃப்ட்ல, கேபிள் உராயுதுன்னு..."

"பொய்."

அதுதான் அவனுக்கு உறைத்தது போலிருந்தது. துண்டை எடுத்துக் கையை ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். பிறகு அவள் முன்னால் வந்து நின்று, கொஞ்சம் அதிகமாகவே வாயைத் திறந்து, முதலில் கேட்டதையே மறுபடி கேட்டான்.

"நீ பார்த்து வெச்ச இடத்துல சாப்பாடு எப்படி இருந்துச்சு?"

"மீன் நல்லா இருந்துச்சு," என்றாள் மூடியக்கா. "இடம்தான் சரியில்ல."